மூன்றாம் மாடிக்கு ஏறிய பீரோ

அத்தியாயம் 14

அப்பாவின் கையிலிருந்த பட்டையை அண்ணன் பிடுங்கியபோது காலை மணி பத்தரை. லாரியின் பின்கதவு திறந்து கிடந்தது. சாமான் இறக்க வந்த ஆட்கள் நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பட்டை பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. ஒரு சாண் அகலத்துக்கு முரட்டு நூலில் நெய்தது. பாரத்துக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் இரண்டு பேர் தோளில் மாட்டிக்கொண்டு தூக்க வேண்டும். ஆனால் அப்பாவின் பட்டை முப்பத்தைந்து வருஷமாக வேறு தோள் அறியாதது. வீடு மாற்றிக் கொடுக்கிற தொழிலில் மேஸ்திரி என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

"குடுங்கப்பா. இனிமே நீங்க தூக்க வேணாம்."

"யார்றா சொன்னது?"

"நான் சொல்றேன். வண்டியில உக்காந்து ஆளுங்களைப் பாத்துக்கிட்டா போதும்."

"எனக்கே உத்தரவு போடுறியா? இந்த லாரி டயருக்கு அடியில தவழ்ந்தவன்டா நீ!"

"தவழ்ந்தவன்தான். இப்ப நிக்கிறேன். நீங்கதான் நிக்க முடியாம தள்ளாடுறீங்க. படியில உருண்டீங்கன்னா கூட வர்றவனையும் சேத்துக் கொல்லுவீங்க. அறுபத்திமூணு வயசுல எதுக்கு இந்த வீம்பு?"

அண்ணனுக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. போன மாதம் அப்பா கிறுகிறுத்து உட்கார்ந்ததும், ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை கொடுத்து அனுப்பியதும், ‘இதைப் போட்டா படியில கால் மிதக்குது’ என்று அவர் பத்தே நாளில் அதை நிறுத்தியதும், அம்மா அதை மூடி மறைத்ததும் முந்தின நாள் சாயங்காலம்தான் அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை வீட்டில், நாலு சுவருக்குள், சொல்லியிருக்கலாம். அந்தப் பொறுமை அவனுக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினான்.

அந்த இருமல் அப்பாவின் காதில் விழுந்தது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. கை ஓங்குவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஓங்கவில்லை. மகனின் கையிலிருந்து பட்டையை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, வாங்க. பீரோவை எடுப்போம். நீங்க மேல் பக்கம்" என்றார் மகளின் புருஷனிடம்.

அது தேக்கு பீரோ. முன்னால் ஆளுயரக் கண்ணாடி. நாலு பேர் கை வைக்கிற பாரம். லிஃப்டில் நுழையாது. மூன்றாம் மாடி.

மகள் கையில் போனோடு பக்கத்திலேயே நின்றாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பொட்டலம். பீங்கான், கண்ணாடி, கடிகாரம் எல்லாவற்றையும் காகிதத்தில் சுருட்டி அட்டைப்பெட்டியில் அடுக்குவது அவள் வேலை என்பதால் அப்பா வைத்த பெயர். இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு சாமானையும் எடுப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ, வைத்த பிறகு ஒரு போட்டோ. ‘இந்தக் கீறல் உங்க ஆளு போட்டது’ என்று வீட்டுக்காரர்கள் ஆரம்பித்தால் நீட்டுவதற்கு.

பீரோவைப் போட்டோ எடுத்தாள். அதில் அப்பாவும் விழுந்தார். தோளில் பட்டை, இரண்டு கையும் பீரோவின் அடியில், முகத்தில் கொலை வெறி.

‘வேணாம்ப்பா’ என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணன் பேசிய பேச்சில் அவளுக்கும் ரத்தம் கொதித்தது. ‘காட்டுங்கப்பா, அவனுக்குக் காட்டுங்க’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

எந்தக் கட்டடமானாலும் அப்பா முதலில் வெறுங்கையோடு ஒருதரம் ஏறி இறங்குவார். படிகளை எண்ணி வைத்துக்கொள்வார். மேல் பக்கம் பிடிக்கிறவன் பின்னோக்கி ஏற வேண்டும். அவனுக்குப் படி தெரியாது. கீழே பிடிக்கிற அப்பா எண்ணிச் சொல்லச் சொல்ல அவன் காலை வைப்பான். அந்தக் குரல்தான் அவனுக்குக் கண். இந்தக் கட்டடத்தில் ஒரு வரிசைக்கு ஒன்பது படி. பிறகு ஒரு திருப்பம். மாடிக்கு இரண்டு வரிசை.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

குரல் படிக்கட்டில் ஏறிப் போவதைக் கீழேயிருந்து கேட்டாள். அண்ணன் லாரியின் பக்கவாட்டை எட்டி உதைத்தான். "செத்துத் தொலையட்டும், எனக்கென்ன!" என்றான்.

அந்த வார்த்தையை அவள் காதில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

*

பீங்கான் பெட்டியோடு அவள் மூன்றாம் மாடிக்குப் போனபோது பீரோ சுவரோரம் நின்றது. ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கார டீச்சர் கைதட்டாத குறை. அப்பா பீரோவில் சாய்ந்து நின்றார். அவள் இரண்டாவது போட்டோவை எடுத்தாள்.

"அப்பா, அசத்திட்டீங்க."

பதில் இல்லை.

அவள் புருஷன் கண்ணால் ஜாடை காட்டினான். அவள் காதோரம் வந்து, "வாயைப் பூட்டியாச்சு. பாதி வழியிலேயே எண்ணுறதைக் கூட நிறுத்திட்டார். நான் குதிகாலால துழாவித்தான் ஏறினேன்" என்றான்.

அந்த வீட்டில் இது புதுசா? மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் முதலில் கத்துவார். கத்தித் தீராவிட்டால் வாயைப் பூட்டுவார். பூட்டினால் சாவி யாரிடமும் கிடையாது. வாசல் கேட்டுக்கு அண்ணன் பச்சைப் பெயின்ட் அடித்த பாவத்துக்குப் பதினோரு நாள் பேசாமல் இருந்தவர். அவள் கல்யாணத்தின்போது மூன்று நாள். ‘இந்த மனுஷன் பேசாம இருந்த நாளையெல்லாம் சேத்தா எனக்கு ரெண்டு வருஷம் நிம்மதி’ என்று அம்மாவே சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். ஒரு காலை இழுத்து வைத்தார். பாரம் தூக்கிய கால், அப்படித்தான் இருக்கும். லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார அவருக்கு இரண்டு தரம் முயற்சி வேண்டியிருந்தது. அண்ணன் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பதினொன்றே கால் இருக்கும். அவள் ஒரு டம்ளர் டீ வாங்கிக்கொண்டு போய் நீட்டினாள்.

"குடிங்கப்பா."

அவர் டம்ளரைப் பார்த்தார். வலது கை அரைகுறையாக எழுந்தது. டம்ளரைத் தொட்டது. தட்டியது. டீ மொத்தமும் அவர் சட்டையிலும் அவள் கையிலும் கொட்டியது. சுட்டது.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு வெடித்துக்கொண்டு வந்தது.

"எனக்கென்னத்துக்கு இந்த மரியாதை? அவன் மேல இருக்கிற கோபத்தை என் மேல காட்டுறீங்களா? உங்க பக்கம் நின்னவ நான் ஒருத்திதான்! பேசாதீங்க. பேசாமலே கிடங்க. யாரும் உங்ககிட்ட வரல!"

அப்பா அவளையே பார்த்தார். கோபக் கண் இல்லை அது. வேறு ஏதோ. அவள் நின்று பார்க்கவில்லை. லாரிக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

ஒன்றே முக்கால் மணி நேரம் அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. இரண்டு கட்டில், ஃபிரிட்ஜ், முப்பத்தொரு அட்டைப்பெட்டி. லாரியைச் சுற்றிச் சுற்றித்தான் எல்லோரும் நடந்தார்கள். கண்ணாடி வழியாக அவர் தலை தெரிந்தது. ‘இன்னும் கோபம் தீரல’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு மணிக்குத் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போன மாப்பிள்ளை போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. அப்பா சீட்டிலிருந்து சரிந்து, கியருக்கும் கதவுக்கும் நடுவில் மடங்கிக் கிடந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது.

*

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இளம் பெண் டாக்டர் அப்பாவின் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்து, பிடியை விட்டார். இடது கை நின்றது. வலது கை பொத்தென்று விழுந்தது.

"பக்கவாதம். கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?"

அண்ணன் முந்திக்கொண்டான். "ஒரு மணி வரைக்கும் நல்லாத்தான் இருந்தார் டாக்டர். வண்டியில உக்காந்துதான் இருந்தார். இப்பதான் திடீர்னு..."

"சரியாச் சொல்லுங்க. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பா இருந்தா ஒரு ஊசி போடலாம். ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள. அதுக்கு மேல போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு ஆளே போயிடலாம். அதனாலதான் கேக்கறேன். ஒரு மணிக்கு உங்ககிட்ட பேசினாரா?"

"அவர் பேச மாட்டார் டாக்டர். கோபத்துல இருந்தார்."

பேனா நின்றது. "எப்போலேருந்து பேசல?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். அண்ணன் சுவரைப் பார்த்தான். அண்ணன் ஏன் ஒரு மணி என்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. காலைச் சண்டை வெளியே வரக்கூடாது. பீரோ வெளியே வரக்கூடாது. அதைவிட, அவனும் உண்மையிலேயே அது கோபம் என்றுதான் நம்பியிருந்தான். அவளைப் போலவே.

அவள் போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தரம் தவறான படத்தைத் திறந்தாள்.

"இது பீரோ எடுக்கறதுக்கு முன்னாடி. பத்து முப்பத்தெட்டு. இது மேல வெச்ச பின்னாடி. பத்து அம்பத்தேழு."

டாக்டர் இரண்டாவது படத்தை விரலால் பெரிதாக்கினார். கீறலில்லாத பீரோ கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது அப்பாவின் முகம். உதடு ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது. காலையில் இதே படத்தை அவள் பார்த்திருந்தாள். பீரோவைத்தான் பார்த்தாள்.

"நடுவுல எப்போன்னு தெரியுமா?"

"சொல்லுங்க!" என்று அவள் புருஷனை அதட்டினாள். "எண்ணுறதை எங்க நிறுத்தினார்?"

"அஞ்சாவது வரிசையில" என்றான் அவன். "எட்டு... எட்டு... எட்டுன்னே சொல்லிட்டிருந்தார். ஒன்பது வரல. மூச்சு வாங்குதுன்னு நெனச்சேன்."

"அதுவரைக்கும் ஒழுங்கா எண்ணினாரா?"

"கணக்கா எண்ணினார்."

"பத்தே முக்கால்னு வெச்சுக்கறேன். மூணே கால் வரைக்கும்தான் நமக்கு நேரம்." டாக்டர் கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஸ்கேனுக்கு இவரை முதல்ல ஏத்துங்க. முன்னாடி இருக்கற ரெண்டு பேரும் வெயிட் பண்ணட்டும்!" பிறகு அண்ணனிடம், "ஒரு மணின்னு எழுதியிருந்தா இவரை வரிசையில விட்டிருப்பேன்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

*

ஸ்கேன் அறைக்கு வெளியே நீளமான நடைபாதை. பிளாஸ்டிக் நாற்காலிகள். அண்ணன் உட்காரவில்லை. மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்தான்.

"எட்டுலயே நிக்கும்போது உனக்குத் தெரியலையா? இறக்கி வெச்சிருக்கலாம்ல? நாலு பேர் தூக்கற பாரத்தை ஒரு கிழவனோட தூக்கியிருக்க!"

"படி நடுவுல எப்படி மச்சான் இறக்கறது? நீயும் இதே வேலைதானே பாக்கற? கையை எடு!"

"வேணாம்னு ஏன் சொல்லல நீ?"

"நீ சொன்னியே, அது போதாதா? நாலு ஆளுங்களுக்கு முன்னாடி கிழிச்சுத் தொங்க விட்டியே! பாரம் என்ன பண்ணிச்சு? முப்பத்தைஞ்சு வருஷமா தூக்கற பாரம். நீ பேசின பேச்சுதான் அவரை அடிச்சுது!"

"பேச்சு அடிக்குமாடா? பாரம்தான்டா அடிச்சுது!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!"

அம்மா. துணி தேய்க்கிற கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் இன்னும் தண்ணீர் தெளிக்கிற புட்டி. அதைத் தூக்கி எறிகிற மாதிரி ஓங்கினாள். அண்ணன் சட்டையை விட்டுவிட்டான்.

"உள்ள அந்த மனுஷன் கிடக்கறார். வெளியில நீங்க பங்கு பிரிக்கறீங்களா, யாருக்கு எவ்வளவு பாவம்னு?"

ஸ்கேன் அறைக் கதவு திறந்து டாக்டர் வந்தார். அண்ணனுக்கு அப்போதும் அடங்கவில்லை.

"டாக்டர், நீங்களே சொல்லுங்க. கோபமா, பாரமா? எதனால வந்துச்சு?"

"அடைப்புதான். ரத்தக் கசிவு இல்ல. ஊசி போடப் போறோம்" என்றார் டாக்டர் முதலில். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கேக்கறதுக்கு நேரான பதில் இல்லீங்க. கடுமையான கோபம் வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சிலருக்கு வர்றதுண்டு. அளவுக்கு மீறி பாரம் தூக்கினாலும் வரலாம். இவருக்கு ரெண்டும் சேந்து நடந்திருக்கு. எதுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஆனா வெடிமருந்து இல்லாம தீப்பொறி என்ன பண்ணும்? பிரஷர் அவ்வளவு ஏறியிருக்கு. மாத்திரை சாப்பிட்டாரா?"

அண்ணன் அம்மாவைப் பார்த்தான்.

"நிறுத்திட்டார்" என்றாள் அம்மா. "நான்தான் பிள்ளைங்ககிட்ட மறைச்சேன். தெரிஞ்சா தூக்க விடமாட்டாங்க, தூக்காட்டி அவர் செத்துடுவார்னு நெனச்சேன்."

டாக்டர் போய்விட்டார். அண்ணன் நாற்காலியில் விழுந்தான்.

"நான் அவர் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றான். "இப்படி ஆயிடும்னு பயந்துதானே சொன்னேன்?"

அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"நல்லதுக்குச் சொன்னவன் அதை ஏன் ஊரைக் கூட்டிச் சொன்ன? வீட்டுல சொல்ல வாய் வலிச்சுதா? அவர் படியேறும்போது நீ கீழ நின்னு என்ன சொன்னன்னு நான் இப்ப எல்லாருக்கும் சொல்லவா?"

அண்ணனின் முகம் வெளுத்தது. "வேணாம்" என்றான். "பொட்டலம்... வேணாம்."

"அப்ப வாயை மூடிட்டு உக்காரு."

ஜெயித்துவிட்டாள். உள்ளங்கையில் டீ சுட்ட இடம் அப்போதுதான் எரிய ஆரம்பித்தது.

*

இரண்டு ஐம்பதுக்கு ஊசி ஏறியது. அவள் சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். முதலில் அவள் போனாள். அப்பாவின் வாய் கொஞ்சம் நேராகியிருந்தது. வலது கை விரல்கள் போர்வையின் மேல் அசைந்தன. புழு மாதிரித்தான், ஆனால் அசைந்தன.

"அப்பா."

அவர் உதட்டைக் குவித்தார். விரித்தார். பாரத்தைப் புரட்டுகிற மாதிரி நாக்கைப் புரட்டினார்.

"எட்டு" என்றார்.

"அப்பா, நான்ப்பா. பொட்டலம்."

"எட்டு... எட்டு." கண்ணில் நீர் கட்டியது. தனக்கு வேண்டிய சொல் அது இல்லை என்று அவருக்கே தெரிந்தது. இடது கையால் கட்டில் கம்பியைக் குத்தினார். "எட்டு!"

நர்ஸ், "பேச்சு வர நாளாகும். அவசரப்படுத்தாதீங்க" என்றார்.

அவள் கேட்கவில்லை. காலையில் பதில் சொல்லாதவரைத் திட்டிவிட்டுப் போனவள். அவர் காதருகே குனிந்தாள்.

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு. மூணு. எண்ணுங்கப்பா. மேல ஆள் பின்பக்கமா ஏறுது, உங்க குரல் வேணும். நாலு. அஞ்சு. எண்ணுங்க!"

அஞ்சில் அவர் உதடும் சேர்ந்துகொண்டது. ஆறு. ஏழு. எட்டு.

எட்டில் நின்றார். அவளும் நின்றாள். சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் நெற்றியில் வியர்த்தது.

"ஒம்... போது" என்றார் அப்பா.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தான். கையில் பட்டையைச் சுருட்டி வைத்திருந்தான். லாரியிலிருந்து எடுத்து வந்திருக்க வேண்டும். அதை அப்பாவின் கால்மாட்டில் வைத்துவிட்டு, "அப்பா" என்றான்.

அப்பா அவனைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, நிதானமாக, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இது கோபம். அசல் கோபம். இதில் சந்தேகமே இல்லை. இத்தனை வருஷம் பார்த்த அதே கழுத்துத் திருப்பல். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினான்.

பின்னாலேயே அவளும் வந்தாள். நடைபாதையில் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்து வைத்திருந்தாள். நர்ஸ் கொடுத்த அப்பாவின் துணிகள். முப்பது வருஷமாக ஊரார் துணியைத் தேய்க்கிறவள். எந்தக் கறை எப்படி விழுந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். சட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள். மார்பிலிருந்து இடுப்பு வரை பழுப்புக் கறை.

"டீ" என்றாள் அம்மா. "குடிக்கும்போது சிந்தினது இல்ல. ஒரு டம்ளர் மொத்தமும் கொட்டியிருக்கு. காஞ்சு ரொம்ப நேரமாச்சு." மாப்பிள்ளையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். "கை விழுந்தப்பதான் கொட்டியிருக்கணும். அப்பவே தெரிஞ்சிருக்கும். அவருக்கு யார் டீ குடுத்தா?"

மாப்பிள்ளை, "நான் இல்ல அத்தை" என்றான். அண்ணன் தலையை ஆட்டினான்.

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். பார்வை முகத்திலிருந்து இறங்கி, சிவந்து கிடந்த உள்ளங்கையில் வந்து நின்றது.

"நீயாவது சொல்லு. யாரு குடுத்தா?"

பொட்டலம் வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.